பாயாத சிங்கம்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்து அரசக் கொடியிலுள்ள சிங்கத்தை ‘ரேம்பன்ட்’ என்கிறார்கள். அகராதி ‘கட்டுக்கடங்காத’ என்று சொல்வதால் ‘வெறிகொண்டு பாயும் சிங்கம்’ என மொழிபெயர்த்தேன், சரியா? இடப்பக்கம் பார்க்கும் சிங்கம் வலப்பக்கம் பார்ப்பதாகச் சொல்லப்படுவது ஏன்? நிற்பது வீரம், படுப்பது அமைதி என்று பொருள் உண்டா?

ச.

அன்புள்ள ச.,

கொடியிலுள்ள சிங்கம், கேடயங்களில் வரையப்பட்ட குலச்சின்னம். அந்தக் குலச்சின்னக் கலையில் வலமும் இடமும் கேடயத்தைப் பிடித்திருப்பவருடையவை, பார்ப்பவருடையவை அல்ல. வீரம், அமைதி முதலிய விளக்கங்கள் பிற்காலத்தார் ஏற்றியவை, விட்டுவிடுங்கள்.

உங்கள் மொழிபெயர்ப்புதான் என்னை வருத்துகிறது. ஒரு துறையின் சொல்லுக்கு அத்துறைக்குள் போய்ப் பொருள் தேடாமல், பொது அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடுவது சோம்பல். ஏறுதலைக் குறித்த பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்த ‘ரேம்பன்ட்’, பின்னங்காலை ஊன்றி உடலை நிமிர்த்தி, முன்னங்கால்களை ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நீட்டி நிற்கும் நிலையைக் குறிக்கிறது. பாய்ச்சலுக்கு ‘சேலியன்ட்’ என்ற வேறு சொல் இருக்கிறது. அதில் பின்னங்கால்கள் இரண்டும் சேர்ந்து ஊன்றியிருக்க, முன்னங்கால்கள் இரண்டும் சேர்ந்தே உயர்ந்திருக்கும். குலச்சின்னங்களைச் சொற்களால் பதிந்து வைத்ததே, கேடயத்தைக் கண்ணால் காணாத ஓவியனும் அதைப் பிழையின்றி வரைவதற்காகத்தான். உங்கள் தமிழை நம்பி வரைபவன் வேறொரு சின்னத்தையல்லவா வரைவான்?

எனக்குப் பத்து வயதிருக்கும்போது லண்டனிலிருந்து வந்த மாமா ஒரு பத்து பென்ஸ் நாணயத்தைக் காட்டினார். நான் பார்த்ததும் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, “சிங்கம் என்னடா செய்கிறது?” என்றார். நடக்கிறது என்றேன். “எந்தக் கால் மேலே? முகம் எந்தப் பக்கம்?” எனக்குத் தெரியவில்லை. கையைத் திறந்தார். முடி சூடிய சிங்கம், வலது முன்னங்காலைத் தூக்கி, மற்ற மூன்றையும் ஊன்றி, முழுமுகத்தையும் என் பக்கம் திருப்பியிருந்தது. அந்த நிலைக்கு ‘பாஸன்ட் கார்டன்ட்’ என்று பெயர் என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தேன். மன்னர் முதலாம் ரிச்சர்டின் 1198ஆம் ஆண்டு முத்திரையில் தோன்றி, இன்றும் இங்கிலாந்தின் சின்னமாயிருக்கும் மூன்று சிங்கங்களும் இவ்வாறே நடக்கின்றன. பழைய பிரெஞ்சு வழக்கில், இப்படி முகம் திருப்பி நடக்கும் சிங்கத்தைச் சிறுத்தை என்றே அழைத்தார்கள். நிலை மாறினால் விலங்கின் பெயரே மாறிவிடும் அளவுக்கு அவர்கள் கவனமாக இருந்தார்கள்.

இவ்வளவு தூரம் உங்களைக் கடிந்துகொள்வது, ஒரு கொடியை நின்று பார்த்துக் கேள்வி கேட்கும் மனம் உங்களிடம் இருப்பதால்தான். ‘பின்காலூன்றி நிமிர்ந்த சிங்கம்’ என்று திருத்தி, அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள்.