கடற்கரை மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறைப்பது ஏன்?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஜீப்பை மணலில் இறக்குகிறவர்கள் முதலில் சக்கரத்தருகே உட்கார்ந்து காற்றைத் திறந்துவிடுவார்கள். சாலையில் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருந்தால், மணலுக்கு 15 முதல் 18 வரை குறைப்பது வழக்கம்.

வண்டியின் எடை மாறுவதில்லை. ஆனால் காற்று குறைந்த டயர் தளர்ந்து, அதிக இடத்தில் தரையைத் தொடும். பாரம் பரவுவதால் மணல் தாங்கிக்கொள்ளும். மணலில் குதிகாலை ஊன்றினால் புதைகிறது, பாதம் முழுக்கப் பதித்தால் புதைவதில்லை அல்லவா, அதேதான். அந்த நிலையில் ஸ்டியரிங்கைச் சட்டென்று வளைக்காதீர்கள், டயர் ரிம்மை (சக்கரத்தின் உலோக வளையத்தை) விட்டுக் கழன்றுவிடலாம். தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி காற்று நிரப்ப வேண்டும். தளர்ந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கலாம்.

அப்புறம், வீடு திரும்பிய அன்றே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு தங்கினால் சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டமும்) பிரேக் குழாய்களும் துருப்பிடிக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். அப்போது வண்டியை மணலில் இறக்கவே வேண்டாம், தயவுசெய்து.

காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தரையைத் தொடும் பகுதி பெரும்பாலும் நீளவாக்கில்தான் கூடுகிறது.