ஏசி போட்டால் சிக்னலில் அணையும் பழைய ஆல்ட்டோ

ஸ்பார்க் பிளக் மாற்றியும் வண்டி இப்படி அணைகிறது என்றால் பிளக்கை விடுங்க, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைப் பாருங்க. ஏசி கம்ப்ரசர் பிடிக்கும்போது ஐடில் வால்வு (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது காற்று விடும் வால்வு) கூடுதல் காற்று விடணும். அந்த வழியில் கரி அடைத்திருந்தால் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) 500-க்குச் சரிந்து வண்டி நின்றுவிடும்.

இன்ஜின் சூடானதும் நியூட்ரலில் ஏசி போடுங்க. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் அணையாமல் ஓடுதா? அப்போ பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறைதான். வண்டியை அணைத்து, த்ராட்டில் பாடிக்கு வரும் ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றி, உள்ளே திறந்து மூடும் பட்டர்ஃப்ளை தகட்டின் ஓரத்தை விரலால் தடவுங்க. கறுப்புப் பிசுக்கு ஒட்டினால் த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைங்க. ஐடில் வால்வின் மோட்டாருக்குள் நேராக அடிக்காதீங்க.

தகடு முழுசா மூடாமல் தடுக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடில் வேகத்தை ஏற்றித் தர்றேன்னு மெக்கானிக் சொன்னா ஒத்துக்காதீங்க, கரி அடைப்பு அப்படியேதான் இருக்கும்.

ஏசி இல்லாமலே ஆர்பிஎம் ஏறி இறங்கினால் கதை வேற. வேக்குவம் ஹோஸில் (இன்ஜினின் உறிஞ்சு விசை வரும் ரப்பர் குழாய்) விரிசல் இருக்கலாம், 'உஸ்' சத்தம் வருதா கேளுங்க.