யோபு சண்டை போடவில்லையா?

அன்புள்ள அண்ணனுக்கு,

தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி நான். 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன வீட்டுக்காரர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு. கல்லறைத் திருநாளன்று எல்லாரும் மெழுகுவத்தியோடு போவார்கள். எனக்குப் போக ஒரு கல்லறை இல்லை. அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவில்) 'யோபைப் போலப் பொறுமையா இரு' என்கிறார்கள். எனக்கோ ஜெபமாலை பாதியில் நின்று கடவுளோடு சண்டையாகிவிடுகிறது. என் விசுவாசம் போய்விட்டதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

போகவில்லை. பேச்சே அற்றுப்போன ஆளிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

யோபின் பொறுமை என்று ஊரில் சொல்வதெல்லாம் பைபிளில் யோபு புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரத்தை வைத்துத்தான்: சொத்தும் பிள்ளைகளும் உடல்நலமும் போயும் அவர் கடவுளைக் குறைசொல்லாத இடம் அது. மூன்றாம் அதிகாரத்தில் அதே மனுஷன் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அப்புறம் பக்கம் பக்கமாக வழக்கு: நான் என்ன குற்றம் செய்தேன், சொல்லும் என்று கடவுளையே இழுக்கிறார். துக்கம் கேட்க வந்த நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள்தான். வாயைத் திறந்தார்கள், கெட்டது. கடவுள் யோபையும் கேள்வி மேல் கேள்வி கேட்டு மடக்குகிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 42ஆம் அதிகாரத்தில் அவர் கோபம் கொள்வது தனக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்கள் மேல். யோபு பேசியதே சரி என்கிறார். உங்கள் அன்பியத்தில் அந்தப் பக்கத்தையும் ஒருநாள் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் யோபு பழைய ஆள்தான். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை மாடும் பயிரும் போய் மனம் உடைந்திருந்தபோது டிலனாய் அவருக்குச் சொன்னது யோபு கதை என்பது வழிவழிச் செய்தி. டிலனாய் 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி. இழப்பு தெரிந்தவர் வாயால் வந்ததால்தான் அது எடுபட்டது என்று நினைக்கிறேன். 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனவருக்கு வாய்த்தது சுகவாழ்வு அல்ல: சிறை, எருமை மேல் ஊர்வலம், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. 2022இல் புனிதர் பட்டம் வந்தது. அவர் மனைவி ஞானப்பூ அம்மாளைப் பற்றி நாம் பேசுவதே அபூர்வம். யோபின் மனைவிக்கும் பைபிளில் ஒரே ஒரு பேச்சுதான்: கடவுளைச் சபித்துவிட்டுச் செத்துப்போம் என்று புருஷனிடம் சொன்னது. அதற்காகப் பிரசங்கத்தில் அவளைத் திட்டாதவர் இல்லை. செத்த பத்துப் பிள்ளைகளும் அவள் பெற்றவர்கள்தானே! எனக்கு அந்தத் திட்டு எப்போதுமே பிடிப்பதில்லை.

கல்லறைத் திருநாளுக்குக் கடற்கரைக் குருசடியிலேயே (சிலுவை நட்ட சிறு கோயிலிலேயே) மெழுகுவத்தி ஏற்றுங்கள். அன்றைய பூசையில் அவர் பெயரையும் சேர்க்கும்படி பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஜெபமாலையில் விட்டுப்போன மீதியை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.