ஓசூர் மனையை விற்று மகனைத் தொழில்முறை கோல்ஃபுக்கு அனுப்பலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கிறோம். எனக்கு வயது 52, தனியார் நிறுவன வேலை. அமெச்சூர் கோல்ஃப் ஆடும் என் 19 வயது மகன் வரும் பருவத்திலேயே தொழில்முறைக்கு மாற விரும்புகிறான். நுழைவுக் கட்டணம், பயணம், தங்கும் செலவு, கேடி (கோல்ஃப் பையைச் சுமக்கும் உதவியாளர்) கூலி எல்லாம் சேர்த்து ஒரு போட்டிக்கு 60,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறோம். ஆண்டுக்கு 20 போட்டிகள். 40 லட்சம் பெறும் ஓசூர் மனையை விற்பதா, 31 லட்சம் உள்ள பி.எஃப். பணத்தை எடுப்பதா? மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

பதில்: பி.எஃப். பணத்தைத் தொடவே வேண்டாம். இன்னும் எட்டு ஆண்டுகளில் நீங்கள் ஓய்வு பெறும்போது அதை ஈடுசெய்யும் வருமானம் உங்களிடம் இருக்காது. மனை விஷயத்திலும் அவசரம் கூடாது என்பதே என் கருத்து.

உங்கள் கணக்குப்படியே ஆண்டுக்கு 12 லட்சம். பயிற்சியாளர், உபகரணச் செலவு தனி. மூன்று பருவங்களில் மனை கரைந்துவிடும். அதுவும் முழு 40 லட்சம் கைக்கு வராது. நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. வரவோ நிச்சயமில்லாதது. இந்தியத் தொழில்முறைச் சுற்றான பி.ஜி.டி.ஐ. போட்டிகளில் பொதுவாக முதல் 36 குழிகள், அதாவது முதல் இரண்டு சுற்றுகள், முடிந்ததும் முதல் 50 இடங்களிலும் அதற்குச் சமநிலையிலும் இருப்பவர்கள் மட்டுமே மேலே ஆடுவார்கள். இந்த வடிகட்டலுக்குத்தான் 'கட்' என்று பெயர். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் (அடியில்) கட் தவறினாலும் அந்த வாரப் பரிசுப் பணம் பூஜ்யம். ஓட்டல் பில்லும் கேடி கூலியும் கட்டியே தீர வேண்டும். ஒரு கோடி ரூபாய் போட்டியில் வென்றவருக்கு 15 லட்சம் கிடைக்கலாம். ஐம்பதாவது இடத்தில் முடிப்பவருக்கு வருவது உங்கள் 60,000-ஐ ஈடுகட்டினாலே பெரிது.

ஆகவே இன்னும் ஓராண்டு உங்கள் மகன் அமெச்சூராகவே ஆடட்டும். 2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி அமெச்சூர் வீரர்களும் விளம்பர ஆதரவுப் பணம் பெறலாம் என்பதால், நிறுவனங்களை அணுகுவதற்குத் தொழில்முறைப் பட்டம் தேவையில்லை. கேடி கூலியையும் குடும்பத்துக்குள்ளேயே மிச்சப்படுத்தலாம். பெங்களூருவின் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பிடித்தபோது அவருடைய பையைச் சுமந்தவர் அவருடைய அம்மாதான்.

தொழில்முறைப் போட்டிகளில் ஆடுவதற்கான தகுதிச் சுற்றில் மகன் தேறிய பிறகு மனையை விற்பதானால், முதலில் மகளின் படிப்புக்கான தொகையைத் தனி வைப்பு நிதியில் போட்டுவிடுங்கள். மிச்சத்தை மகனின் வங்கிக் கணக்குக்கு அன்பளிப்பாக மாற்றி, செலவெல்லாம் அவர் பெயரிலேயே நடக்கச் செய்யுங்கள். தந்தை தரும் அன்பளிப்புக்கு வரி கிடையாது. பரிசுப் பணம் அவருடைய தொழில் வருமானமாகக் கருதப்படுவதால், உரிய காலத்தில் கணக்கு தாக்கல் செய்தால், ஆரம்ப நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம். கேடிக்குத் தரும் கூலிக்கும் ரசீது வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பலர் கோட்டைவிடுவது இதில்தான்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கடந்த ஓராண்டில் மகன் ஆடிய போட்டிகளின் ஸ்கோர் அட்டைகளை வாங்கி, அதே மைதானங்களில் நடந்த தொழில்முறைப் போட்டிகளில் கட் தேறத் தேவைப்பட்ட ஸ்கோரோடு, முதல் இரண்டு சுற்றுகளை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் ஆறு முறையாவது தேறியிருந்தால் மனையைப் பற்றி மீண்டும் எழுதுங்கள், பேசலாம்.