மகளின் கால் நீட்டும் சிகிச்சைக்கு நகையை இப்போதே அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் திருகோணமலை உப்புவெளி. மகளுக்கு 3 வயது. பிறக்கும்போதே வலது தொடை எலும்பு கட்டை. இப்போது 3 சென்ரிமீற்றர் வித்தியாசம். 7 வயதளவில் எலும்பை நீட்டும் அறுவை செய்யலாம் என்று கொழும்பு கிளினிக்கில் சொன்னார்கள். கணவர் ஓட்டோ ஓடுகிறார், நாளுக்கு 3,000 ரூபா மிஞ்சும். எனக்கு முன்பள்ளியில் மாதம் 20,000. கிழமைக் கடன் 2,000 கட்டுகிறோம், இன்னும் இரண்டு மாதத்தில் முடியும். 6 பவுன் நகையை அடகு வைத்து இப்பவே இந்தியாவுக்குக் கொண்டு போகச் சொல்கிறார் மைத்துனர். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, நகையைத் தொடாதீர்கள். மைத்துனருக்குப் பிள்ளை மேல் உள்ள பாசம் புரிகிறது, ஆனால் நாலு வருடத்துக்குப் பிறகு வரப்போகும் செலவுக்கு இன்றிலிருந்து வட்டி கட்டுவது என்ன கணக்கு?

இந்தக் குறைபாட்டில் ஒரு வசதி உண்டு: செலவு எப்போது, எவ்வளவு என்று ஓரளவு முன்கூட்டியே தெரியும். குட்டையான காலும் வளர்கிறது, மற்றக் கால் அளவுக்கு வளர்வதில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறாது. பெண்பிள்ளையின் கால் 3 வயதில் முழு நீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கு வந்துவிடும். அதனால் இன்றைய 3 சென்ரிமீற்றர், வளர்ச்சி நிற்கும்போது 6 ஆகலாம். 7 வயதில் 4ஐத் தாண்டியிருக்கும்.

அறுவையில் எலும்பை வெட்டி, வெளியே ஒரு சட்டகம் பூட்டுவார்கள். ரஷ்யாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்ற மருத்துவர் 1950களில் உருவாக்கிய வழி இது. சில நாள் விட்டு, நாளுக்கு ஒரு மில்லிமீற்றர், அதையும் நாலு தடவையாகத் திருகி விலக்குவார்கள். இடைவெளியில் புது எலும்பு வரும். 4 சென்ரிமீற்றருக்கு 40 நாள். ஆனால் அந்த எலும்பு இறுகத்தான் அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். கூட்டிப் பார்த்தால் ஐந்தாறு மாதம் சட்டகத்தோடுதான். நாளாந்தம் முழங்காலுக்குப் பிசியோதெரபி, கம்பி நுழையும் இடங்களைச் சுத்தம் செய்வது, அடிக்கடி எக்ஸ்ரே.

அரசாங்க வைத்தியசாலையில் அறுவை இலவசம். சட்டகத்தையோ வேறு பொருளையோ வெளியே வாங்கச் சொல்வார்களா என்று மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள். உங்கள் பெரிய ஓட்டை வேறு இடத்தில். நீங்கள் ஆறு மாதம் வேலைக்குப் போகாவிட்டால் 1,20,000 போகும். கணவர் கிழமையில் இரண்டு நாள் ஓட்டோவை நிறுத்தினால் 24 கிழமையில் 1,44,000. இரண்டும் சேர்ந்து 2,64,000. கொழும்புக்கு இரவு ரயில், அங்கே தங்கல், சாப்பாடு தனி. 4 இலட்சம் கையில் வேண்டும் என்று வையுங்கள்.

அந்தக் காசு எங்கே? கிழமைக் கடன் முடிந்த அடுத்த கிழமையிலிருந்து அதே நாளில் அதே 2,000ஐ உங்கள் பெயரில் தனிக் கணக்கில் போடுங்கள். வருடம் 1,04,000, நாலு வருடத்தில் வட்டியைச் சேர்க்காமலே 4,16,000. கடன்காரருக்குத் தவறாமல் கட்டியவருக்கு இது புதுப் பழக்கமில்லை. பிள்ளையின் பெயரில் சிறுவர் கணக்குத் திறக்காதீர்கள். அது பொதுவாக 18 வயது வரை பூட்டிய பணம், உங்களுக்கு 7 வயதில் வேண்டும். ஒரு இலட்சம் சேர்ந்ததும் நிலையான வைப்பாக மாற்றுங்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே இருப்பதால், சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் வட்டியில் 10 வீத வரி கழிக்கமாட்டார்கள். சீட்டு வேண்டாம். கழிவு கேட்டு எடுப்பதே நட்டம்.

காப்புறுதி முகவர் வந்தால் ‘பிறவிக் குறைபாட்டுக்குக் காசு தருவீர்களா’ என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள்.

சட்டகம் ஒரு தடவையோடு முடியாமலும் போகலாம். இடையில் உயரம் கூட்டிய சப்பாத்து வேண்டும், கால் வளர வளர மாற்ற வேண்டும். அது மாதச் செலவிலேயே போகட்டும். அறுவைக்குத் திகதி குறித்ததும் பிரதேச செயலகத்தில் ஜனாதிபதி நிதியத்துக்கான விண்ணப்பம் பற்றி விசாரியுங்கள். அதற்கு மேலும் முட்டுப்பட்டால்தான் அந்த 6 பவுன். அப்போதும் அரசாங்க வங்கியில், தேவையான அளவுக்கு மட்டும்.