நீலத்திரைகூட வராமல் லேப்டாப் சட்டென்று அணைவது ஏன்?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மதியத்தில் வீடியோ எடிட் செய்யும்போது லேப்டாப் சட்டென்று அணைகிறது, விண்டோஸ் பிழையில் நிற்கும்போது காட்டும் நீலத்திரைகூட வருவதில்லை, விண்டோஸ் நடந்ததைக் குறித்துவைத்துக் காட்டும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருக்கிறது. அந்த 41 ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

என் முதல் சந்தேகம் சூடுதான். பல பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் அடங்காவிட்டால் சேதமாகாமல் இருக்க லேப்டாப்பே அணைந்துவிடும். சித்திரை வெயிலில், மெத்தைமேல் வைத்து வேலை செய்தால் அடியிலிருக்கும் காற்றுத் துவாரமும் அடைபடும். வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரை இருந்தால் அதன்மேல் ஒரு பலகை போட்டு வைத்துப் பாருங்கள். நான் என்னுடையதைத் திறந்தபோது ஃபேனுக்குப் பின்னால் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. சுத்தம் செய்து, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதும் சட்டென்று அணைவது நின்றுவிட்டது.

சரி, சூடு இல்லாமலும் அணைகிறதா? சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். அப்போது அணையாவிட்டால் சார்ஜர் மேல்தான் சந்தேகம். அப்புறம் விண்டோஸிலேயே இருக்கும் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' கருவியில் ரேமை (நினைவகத்தை) சோதியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம், உடனே அணைத்து சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.