அரிசோனாவின் எஸ்.பி. 1070 சட்டத்தில் இனப் பாகுபாடு எங்கே வந்தது?

"இனத்தைப் பார்க்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கும்போது எதற்கு இவ்வளவு எதிர்ப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எஸ்.பி. 1070 என்பது, அனுமதியின்றி நாட்டில் இருப்பவர்களைக் கண்டறிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் கொண்டுவந்த சட்டம். இனத்தைப் பார்க்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது உண்மைதான். முதலில் எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள். 2010 ஏப்ரல் 23 அன்று ஆளுநர் ஜேன் புரூவர் கையெழுத்திட்ட வடிவத்தில், இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றை "மட்டுமே" வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றிருந்தது. அப்படியானால் வேறொரு காரணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றுதானே பொருள்? எதிர்ப்பு வலுத்ததும் ஒரே வாரத்தில் அந்தச் சொல்லை நீக்கினார்கள்.

ஆனாலும் சிக்கல் தீரவில்லை. பின்விளக்கு எரியாத காரைக் காவலர் நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் அனுமதியின்றி நாட்டில் இருக்கிறார் என்ற "நியாயமான சந்தேகம்" எழுந்தால், அவரது குடியேற்ற நிலையை விசாரித்தாக வேண்டும். அரிசோனா ஓட்டுநர் உரிமம் காட்டினால் பிரச்சினை இல்லை. காட்டாவிட்டால் சந்தேகம் எதிலிருந்து பிறக்கும்? முகத்திலிருந்தா, உச்சரிப்பிலிருந்தா? மத்திய அரசு செய்யத் தவறியதைத்தான் மாநிலம் செய்கிறது என்பது ஆதரவாளர்களின் வாதம். இந்தக் கேள்விக்கு அது பதிலாகாது.

2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் மூன்று பிரிவுகளை ரத்து செய்து, இந்த விசாரணைப் பிரிவை விட்டுவைத்தது. அந்த வழக்கு மத்திய, மாநில அதிகாரங்களைப் பற்றியது, பாகுபாட்டைப் பற்றியதன்று. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

பாகுபாட்டை நேரடியாக விசாரித்தது வேறொரு வழக்கு: அரிசோனாவின் மரிகோபா மாவட்ட ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) ஜோ அர்பாயோ மீதானது. அவரது துறை லத்தீன் இனத்தவரைக் குறிவைத்தது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. அதே வழக்கின் 2011ஆம் ஆண்டுத் தடையுத்தரவை மீறியதற்காக 2017 ஜூலையில் அவர் குற்றவாளியானார். அடுத்த மாதமே டிரம்ப் மன்னித்துவிட்டார்.